பள்ளிக்கும் கல்லூரிக்கும் இடையே: அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவம்

பள்ளிப் படிப்பு முடிவதற்கும் கல்லூரிப் படிப்புத் தொடங்குவதற்கும் இடையே சிறியதோர் இடைவெளி உண்டு. நாட்காட்டியில் பார்த்தால் அது இரண்டு மூன்று மாதங்களே. மேனிலைத் தேர்வு எழுதி, முடிவு வெளியாகி, விண்ணப்பம் நிரப்பி, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் பெற்று, கட்டணம் செலுத்தி, கல்லூரி வகுப்பறையில் சென்று அமரும் வரையிலான அந்தச் சில மாதங்களில் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் காணாமற் போகின்றனர் என்பதை முப்பதாண்டுக் காலமாக அரசுப் பள்ளிகளில் இருந்து கண்டு வருபவன் நான். தேர்வில் தவறியவர்களைச் சொல்லவில்லை. தேறியவர்களையே சொல்கிறேன்.

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு அண்ணல் அம்பேத்கரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயற்குழுவினர் பணித்தனர். அரசியலமைப்புச் சட்டத்தை வகுத்த மேதையாகவும், மகாத் குளத்து நீரை மக்களுக்கு உரிமையாக்கப் போராடிய தலைவராகவும் அவரை எழுதுவோர் பலர் உளர். நான் அவரை ஒரு மாணவராக எழுத விழைகிறேன். மேற்சொன்ன இடைவெளியை அவர் எவ்வாறு கடந்தார், அப்போது கைகொடுத்தவர் யாவர், பின்னர் பிறர் கடப்பதற்கு அவர் என்னென்ன பாலங்களை அமைத்தார் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

பீமராவ் 1891 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மௌ என்னும் படைக் குடியிருப்பில் பிறந்தார். ராம்ஜி சக்பால், பீமாபாய் இணையருக்கு அவர் பதினான்காவது மகவு. ராம்ஜி படையில் சுபேதாராக இருந்தவர். படையினருக்கான பள்ளியில் பல ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் பணியாற்றியவர். இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொங்கண் நாட்டின் மகர் குலத்தில் பிறந்த அப்பிள்ளைக்குச் சொத்து இல்லை, சமுதாயத்தில் மதிப்பு இல்லை. ஆனால் வீட்டில் எழுத்து இருந்தது. தந்தையே முதல் ஆசிரியராக அமைந்தார். நம் மாணவர்களுள் பெரும்பாலோர்க்கு அதுவும் இல்லை என்பதை மறந்துவிட்டு, அண்ணல் படித்தாரே, நீ ஏன் படிக்கவில்லை என்று கேட்பது முறையாகாது.

தந்தையார் பணி ஓய்வு பெற்ற பின் குடும்பம் சதாராவிற்குக் குடிபெயர்ந்தது. அங்கே அன்னையார் மறைந்தார். அத்தை மீராபாய் பிள்ளைகளை வளர்த்தார். 1900 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் நாள் பீமராவ் சதாரா அரசு உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். பிற மாணவரோடு கலந்து அமர முடியாமல், வீட்டிலிருந்து கொண்டு சென்ற சாக்குத் துணியின்மேல் தனியே அமர வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பள்ளிச் சேவகர் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். சேவகர் வாராவிடில் அன்று நீர் இல்லை. இவை யாவரும் அறிந்த செய்திகள். அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் அவருக்குப் படிப்பில் நாட்டமே இல்லை. பம்பாய்க்கு ஓடிச் சென்று ஆலையில் கூலி வேலை செய்து தன் காலில் நிற்க வேண்டும் என்று எண்ணி, வழிச்செலவுக்காக அத்தையின் இடுப்பிலிருந்த பணப்பையைச் சில இரவுகள் முயன்று திருடினார். பையைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்தது அரையணா! அந்த அரையணாவைக் கண்டு வெட்கியவர், ஓடும் எண்ணத்தை விட்டுப் படிப்பில் முனைந்தார். ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட மகனைத் திருப்பூருக்கு அனுப்பலாமா என்று என்னிடம் வந்து கேட்கும் பெற்றோரிடம் நான் இந்த நிகழ்ச்சியைச் சொல்வதுண்டு.

பின்னர் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் தொழிலாளர் பகுதியில் ஒற்றை அறைக் குடியிருப்பு. சமையல், படுக்கை, பாத்திரம், விறகு யாவும் அந்த ஓர் அறைக்குள்தான். எல்லாரும் விழித்திருக்கும் வேளையில் படிக்க இடமேது? ராம்ஜி அதற்கொரு வழி கண்டார். மகனை முன்னிரவிலேயே உறங்கச் செய்துவிட்டுத் தாம் இரவு இரண்டு மணி வரை விழித்திருப்பார். இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அவ்விடத்தில் தாம் படுப்பார். வீடு அமைதியாக உறங்க, மங்கிய விளக்கொளியில் பீமராவ் விடியும் வரை படிப்பார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது ராம்ஜி மணமாகிச் சென்ற தம் மகள்களின் வீட்டுக்குச் சென்று கடன் கேட்பார். பணம் இல்லையெனில் நகையைப் பெற்று அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பித் தருவார். பிள்ளைகள் எல்லாரையும் படிக்க வைக்க இயலாத நிலையில், தமையன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். ஆக, ஒரு பீமராவ் படிப்பதற்குத் தந்தையின் உறக்கமும், தமக்கையரின் நகையும், தமையனின் கல்வியும் விலையாகச் சென்றன. அந்தத் தமக்கையரை எந்த மலரிலும் யாரும் பாராட்டி எழுதுவதில்லை.

எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி அரசுப் பள்ளி. பம்பாயின் சிறந்த பள்ளிகளுள் ஒன்று. அங்கும் இழிவு தொடர்ந்தது. ஒரு நாள் கணக்குப் போடுமாறு ஆசிரியர் அழைக்க, பீமராவ் கரும்பலகையை நோக்கி நடந்தார். கரும்பலகைக்குப் பின்னால் தம் உணவுப் பாத்திரங்களை வைத்திருந்த மாணவர்கள், தீட்டுப்பட்டுவிடும் என்று கூச்சலிட்டு ஓடிச்சென்று அவற்றை அகற்றிய பின்னரே அவர் பலகையைத் தொட முடிந்தது. வடமொழியை விருப்பப் பாடமாகக் கேட்டார், மறுக்கப்பட்டது. பாரசீக மொழியைப் பயின்றார். பிற்காலத்தில் வடமொழியைத் தம் முயற்சியாலேயே கற்று, அம்மொழி நூல்களைக் கொண்டே சாத்திரங்களை எதிர்த்து வாதிட்டார் என்பது வேறு கதை.

இவ்விடத்தில் ஓர் ஆசிரியர் வருகிறார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்பது அவர் பெயர். மராத்தி மொழியில் நூல்கள் பல இயற்றியவர், சீர்திருத்தக் கருத்தினர். அவர் பீமராவுக்கு வகுப்பெடுத்தவர் அல்லர். அந்தப் பள்ளியைச் சேர்ந்தவரும் அல்லர். சர்னி சாலைப் பூங்காவில் மாலைதோறும் அமர்ந்து படிப்பது அவர் வழக்கம். அதே பூங்காவிற்குப் பள்ளி விட்டதும் ஒரு சிறுவன் வந்து விளையாடாமல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அமர்வதைக் கண்டார். விசாரித்தார். என்ன குலம் என்று அறிந்த பின்னும் பேச்சை நிறுத்தவில்லை. என்னென்ன படிக்கலாம் என்று எடுத்துச் சொன்னார்; நூல்களைக் கொடுத்து உதவினார். ராம்ஜிக்கும் நண்பரானார். பாடத்தை நடத்திவிட்டுப் பதிவேட்டை மூடுவதோடு கடமை முடிந்தது என்று கருதும் என் போன்ற ஆசிரியர்கள் கேளுஸ்கரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1907 இல் பீமராவ் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். பெற்ற மதிப்பெண் 750 க்கு 282. இந்தக் கணக்கை நான் பள்ளியில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. நூற்றுக்கு முப்பத்தெட்டுக்கும் குறைவு! அந்த மதிப்பெண்ணைப் பார்த்து, இவன் உயர்கல்விக்கு ஏற்றவன் அல்லன் என்று யாரேனும் முடிவு கட்டியிருந்தால் என்னவாகியிருக்கும்? குறைந்த மதிப்பெண்ணைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து படித்துப் பெற்ற 282 அது. ஒற்றை அறையில் எடுத்த மதிப்பெண்ணையும் தனியறையில் எடுத்த மதிப்பெண்ணையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பது கணக்குப்படி சரியாக இருக்கலாம், கல்வியியல்படி சரியன்று.

1908 ஆம் ஆண்டு ஜனவரியில் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். இண்டர்மீடியட் வரை ராம்ஜி தாக்குப் பிடித்தார். அதன்பின் கையிருப்பு தீர்ந்தது. படிப்பு நின்றுவிடும் நிலை. மீண்டும் கேளுஸ்கர் வந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த தகுதியுள்ள மாணவனுக்கு உதவத் தாம் அணியமாக இருப்பதாகப் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் பம்பாய்க் கூட்டமொன்றில் அறிவித்திருந்தார். அந்த அறிவிப்பை எத்தனையோ பேர் கேட்டிருப்பர். அதற்குரியவன் இந்த மாணவன்தான் என்று பொருத்திப் பார்த்தவர் கேளுஸ்கர். மன்னரிடம் சென்று எடுத்துரைத்து, பீமராவை அழைத்துச் சென்று நிறுத்தினார். மன்னர் கேட்ட வினாக்களுக்கு மாணவர் நன்கு விடையளித்தார். திங்கள்தோறும் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

அரச உதவி இருந்தது. தகுதியுள்ள மாணவர் இருந்தார். இரண்டையும் இணைப்பதற்கு மூன்றாமவர் ஒருவர் தேவைப்பட்டார். இது 1910 வாக்கிற்கு மட்டும் உரிய நிலைமையன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் பள்ளியில் நல்ல மதிப்பெண்ணுடன் மேனிலைத் தேர்வில் தேறிய ஒரு மாணவன் பின்பு கண்ணில் படவேயில்லை. ஆறு மாதம் கழித்துச் செங்கற்சூளையில் அவனைக் கண்டேன். விண்ணப்பத்தைக் கணினியில் பதிவு செய்தபோது அவனுடைய சாதிச் சான்றிதழில் தந்தை பெயர் ஒருவிதமாகவும், பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் இருந்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் நாளை வா என்றனர். அந்த நாளை வருவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. ஓர் எழுத்துப் பிழை! அதனைத் திருத்தியிருக்க வேண்டியவருள் நானும் ஒருவன். பதினோராம் வகுப்பிலேயே அவன் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்திருந்தால் போதும். நான் பார்க்கவில்லை. அவ்வாண்டு முதல் ஒவ்வோர் ஆடியிலும் மேனிலை மாணவர் அனைவருடைய சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். நம் சங்கத்தின் இளைஞர்கள் இப்பணியில் உடனிருக்கின்றனர்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பேராசிரியர் முல்லர் அண்ணலுக்குப் புத்தகங்கள் தந்தார், உடைகளும் தந்தார். கல்லூரி உணவு விடுதியை நடத்தியவரோ அவருக்குத் தேநீரும் தரவில்லை, தண்ணீரும் தரவில்லை. ஒரே வளாகத்திற்குள் இருவகை மனிதர்கள். 1912 இல் அவர் பி.ஏ. தேர்வை முடித்தார்.

1913 ஜனவரியில் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த சின்னாட்களில், தந்தையார் நோயுற்றிருப்பதாகத் தந்தி வந்தது. பம்பாய்க்குப் புறப்பட்டார். வழியில் சூரத் நிலையத்தில் தந்தைக்காக இனிப்பு வாங்க இறங்கியவர் புகைவண்டியைத் தவறவிட்டார். மறுநாளே வீடு சேர முடிந்தது. மகனின் வருகைக்காகவே காத்திருந்தது போல, அவர் முதுகை ஒருமுறை தடவிவிட்டு ராம்ஜி உயிர் நீத்தார். அது 1913 பிப்ரவரி 2 ஆம் நாள். இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டவர் மகன் உயர்ந்த நிலையைக் காணாமலே மறைந்தார்.

குடும்பத் தலைவரை இழந்த வீடு. ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்த இளைஞர். இத்தகைய வேளையில் மேற்படிப்பைக் கைவிடுவதே நம் வீடுகளில் வழக்கம். பரோடா மன்னர் மாணவர் சிலரை அமெரிக்காவிற்கு அனுப்பவிருந்தார். பீமராவ் விண்ணப்பித்தார். 1913 ஜூன் 4 ஆம் நாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மூன்றாண்டு உதவித்தொகை, படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுப் பணி. தந்தை மறைந்த நான்கே மாதங்களில் எடுத்த முடிவு இது. அவ்வாண்டு ஜூலையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அதன் பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. விரைவாகவே சொல்லிச் செல்கிறேன். 1915 இல் கொலம்பியாவில் எம்.ஏ.; 1916 இல் இலண்டன் பயணம்; உதவித்தொகைக் காலம் முடிந்தமையால் 1917 இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்பல். பரோடாவில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் பார்சி விடுதியொன்றில் வேறு பெயரில் தங்கி, அங்கிருந்தும் தடியேந்தியவர்களால் வெளியேற்றப்பட்டார். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பாத்தேனா கடன் தந்தார். 1920 இல் மீண்டும் இலண்டன் சென்று, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். 1921 இல் எம்.எஸ்ஸி., 1923 இல் டி.எஸ்ஸி., உடன் பாரிஸ்டர் பட்டம். இடையில் நின்ற படிப்பை மூன்றாண்டு கழித்து எடுத்து முடித்தார் என்பதை, ஓராண்டு இடைவெளி விழுந்தாலே இனிப் படிப்பு வேண்டாம் என்னும் நம் இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

இனி அவர் பிறர்க்குச் செய்தவை. 1924 இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். 1925 இன் தொடக்கத்தில் சோலாப்பூரில் அச்சபை மாணவர் விடுதியொன்றைத் திறந்தது. பள்ளியை விட்டு விடுதியை ஏன் முதலில் தொடங்கினார் என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. அரசுப் பள்ளிகள் சட்டப்படி திறந்தே இருந்தன. உயர்நிலைப் பள்ளி நகரத்தில் இருந்தது; மாணவன் சிற்றூரில் இருந்தான். நகரத்தில் அவனுக்கு யாரும் வீடு தரமாட்டார்கள். ஆகவே பள்ளிக்கும் அவனுக்கும் இடையே நின்ற தடை பாடம் அன்று. படுக்க இடமும் உண்ணச் சோறும்தான். பரோடாவில் தெருவில் நின்றவருக்கு இது புத்தகத்தில் படித்து அறிய வேண்டிய செய்தியாக இருந்திருக்காது. 1928 இல் தாழ்த்தப்பட்டோர் கல்விச் சங்கத்தை அமைத்ததும் விடுதிகளை நடத்தும் நோக்கத்தாலேயே.

1942 இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபரில் தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோவிடம் ஒரு விரிவான விண்ணப்பம் அளித்தார். பட்டதாரிகளின் எண்ணிக்கை கூடுவது மட்டும் போதாது, ஆட்சி முழுவதையும் மேலிருந்து கண்காணிக்கத்தக்க உயரத்திற்கு நம்மவர் கற்க வேண்டும், அறிவியலும் தொழில்நுட்பமும் பயில வேண்டும், அதற்கான செலவை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். அதன் பயனாக 1944-45 இல் மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் மைய அரசால் தொடங்கப்பெற்றது. வெளிநாடு சென்று பயிலவும் மாணவர்கள் அனுப்பப்பட்டனர். இன்று ஆதிதிராவிடர் நலத்துறை வழியாக நம் கல்லூரி மாணவர்களின் வங்கிக் கணக்கிற்கு வந்து சேரும் உதவித்தொகைக்கு வேர் அங்கே இருக்கிறது. அது கருணையால் வந்ததன்று, கேட்டுப் பெற்றது. இத்திட்டம் மெட்ரிகுலேஷனுக்குப் பிற்பட்ட கட்டத்தைக் குறிவைத்தமையைப் பாருங்கள். இண்டர்மீடியட்டிற்குப் பின் தம் படிப்பு அறுந்துவிட இருந்த நாளை அவர் மறக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். தமக்கு ஒரு கேளுஸ்கர் கிடைத்தார். பூங்காவில் யாரேனும் கண்டுகொள்வார் என்று எல்லா மாணவரும் காத்திருக்க முடியுமா?

1945 ஜூலை 8 ஆம் நாள் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கிற்று. பகலில் அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்ப்போரும் பயிலத்தக்கவாறு அங்கே காலை நேரத்தில் வகுப்புகள் நடந்தன. எல்லாச் சாதியினரும் சேர்க்கப்பெற்றனர். 1950 இல் ஔரங்காபாத்தில் ஒரு கல்லூரி தொடங்கப்பெற்றது. மராத்வாடா அந்நாளில் உயர்கல்வி வசதி மிகக் குறைந்த பகுதி. நாகசேனர் என்னும் துறவியோடு வாதிட்டு உண்மை கண்ட கிரேக்க மன்னன் மிலிந்தனின் பெயரை அக்கல்லூரிக்குச் சூட்டினார். சட்ட அமைச்சராக ஓய்வின்றி உழைத்து, உடல் நலம் குன்றியிருந்த ஆண்டுகள் அவை.

சிறு வயதில் நடந்த பாராட்டுக் கூட்டம் ஒன்றைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மெட்ரிகுலேஷன் தேறியபோது அது நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். அண்ணலோ, ஆங்கில நான்காம் வகுப்புத் தேறியபோது நடந்ததாகக் குறித்துள்ளார். நான் அவர் கூற்றையே ஏற்கிறேன். நம் வகுப்புப் பிள்ளை ஒருவன் இவ்வளவு தூரம் வந்துவிட்டானே என்று மகிழ்ந்த மக்கள், கூட்டம் நடத்த ராம்ஜியிடம் இசைவு கேட்டனர். பையனுக்குத் தலைக்கனம் ஏறிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். மக்கள் கேளுஸ்கரிடம் சென்றனர். அவர் ராம்ஜியிடம் பேசி இணங்க வைத்துத் தாமே தலைமையும் ஏற்றார். கூட்ட முடிவில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவனுக்குப் பரிசாக அளித்தார். சிறுவன் அதை ஆர்வத்துடன் படித்தான்.

ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின், 1956 இல், புத்தரும் அவர் தம்மமும் என்னும் தம் இறுதிப் பெருநூலுக்கு முன்னுரை எழுதும்போது, பௌத்தத்தின்பால் தம் உள்ளம் திரும்பியது எவ்வாறு என்பதை விளக்கப் புகுந்த அண்ணல், அந்தக் கூட்டத்தையும், அந்த ஆசிரியரையும், அந்தப் புத்தகத்தையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். அவ்வாண்டு அக்டோபர் 14 ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 ஆம் நாள் டில்லியில் மறைந்தார். நூல் 1957 இல் வெளிவந்தது.